சுவிட்ச் யார் கையில்?

ரொரன்ரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர். "ஐயா, எண்ணெய்த் தாங்கிகள் பற்றி எழுதினீர்கள், பிரட்ரிக் கோட்டை பற்றி எழுதினீர்கள், 1942இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதையும் எழுதினீர்கள். சமாதான காலத்தில் நாங்கள் கணினிக் கடைகளில் மணிக்கணக்காகக் கிரிக்கெட் விளையாடினோமே, அதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கள் கடை முதலாளி அந்த விளையாட்டை ஏன் எப்போதும் ஆகக் கடினமான நிலையிலேயே பூட்டி வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை" என்று கேட்டிருந்தார்.

வாசித்தவுடன் சிரிப்புத்தான் வந்தது. வரலாறு என்றால் கோட்டையும் கொடியும் என்று பழகிவிட்ட கண்ணுக்கு இது சிறுபிள்ளை விடயமாகத்தான் தெரியும். ஆனால் அவர் கேட்டிருப்பது மிகப் பழைய கேள்வி. ஓர் ஆட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? அந்தத் தீர்மானம் ஆடுபவருக்குத் தெரிந்து நடக்கிறதா, தெரியாமல் நடக்கிறதா? மின்னணு விளையாட்டுகளின் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்றில் இந்தக் கேள்வி தொடக்கம் முதலே இருந்து வந்திருக்கிறது. அந்தக் கடை முதலாளியும் அந்த வரலாற்றில் ஒரு பாத்திரமே.

மின்சாரத்துக்கு முந்திய விளையாட்டுகளிலும் கடினநிலை இருந்தது. கொல்ஃப் ஆட்டத்தில் திறமை குறைந்தவருக்குச் சில அடிகளைக் கழித்துக் கணக்கிடுவார்கள். குதிரைப் பந்தயத்தில் நல்ல குதிரையின் முதுகில் கூடுதலான பாரத்தை ஏற்றுவார்கள். தமிழ்ச் சிறுவர்கள் இதற்கெல்லாம் சட்டப் புத்தகம் எழுதி வைக்கவில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' என்று தமிழகத்தில் சொல்வார்கள். ஆட்டத்தில் சேர்ந்திருப்பான், ஓடுவான், கத்துவான், ஆனால் அவனை எவரும் ஆட்டமிழக்கச் செய்யமாட்டார்கள். சொல் இன்று காதுக்குக் கூசுகிறது என்பது உண்மை. அதன் பின்னால் இருந்த ஏற்பாடு கூச வேண்டிய ஒன்றன்று. வீட்டில் விட்டுவிட்டு வரமுடியாத தம்பியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதற்குப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது.

எங்கள் சிறுவயதில் டச்சு விரிகுடாக் கரையில் மென்பந்துக் கிரிக்கெட் ஆடினோம். சின்னப் பையனுக்குக் கையைத் தூக்காமல் உருட்டிப் போட வேண்டும். அவனுடைய முதற் பந்து 'ட்ரை போல்'. அதில் விக்கெட் விழுந்தாலும் கணக்கில்லை. பெரியவன் அடித்த பந்தையோ ஒரு குத்துக் குத்திய பின் பிடித்தாலும் அவன் ஆட்டமிழந்தவன்தான். இவையெல்லாம் நாணயம் சுண்டுவதற்கு முன்னரே உரக்கப் பேசி முடிவாகிவிடும். சண்டை வராமலில்லை. ஆனால் விதி இன்னதென்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

இனி மின்னணு விளையாட்டுக்கு வருவோம். 1957 ஒக்டோபர் 15 அன்று பிரித்தானியக் கடற்படையிடமிருந்து திருகோணமலைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. அதற்கு ஓராண்டும் மூன்று நாள்களும் கழித்து, 1958 ஒக்டோபர் 18 அன்று, நியூயோர்க் அருகேயுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் பார்வையாளர் தினம். வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர், வருகிறவர்கள் சலிப்படையாதிருப்பதற்காக, அலைகாட்டிக் கருவியின் சிறிய வட்டத் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்து வைத்தார். நடுவில் ஒரு வலை, மேலே பறக்கும் ஒளிப் புள்ளி, இருவர் கையில் ஆளுக்கொரு பெட்டி. 'டென்னிஸ் ஃபோர் டூ' என்று அது அழைக்கப்படுகிறது. அதை ஆடுவதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு பெரிய திரையுடன் மீண்டும் வைத்தபோது, அவர் ஒரு புதிய வசதியைச் சேர்த்தார். பந்தின் மீதான ஈர்ப்பு விசையை மாற்றலாம். சந்திரனில் ஆடுவது போலவும் ஆடலாம், வியாழனில் ஆடுவது போலவும் ஆடலாம். விளையாட்டு வகைக் கணினி ஆட்டத்தில் கடினநிலையை மாற்றும் வசதி இருந்ததாக நான் அறிந்த முதற் சந்தர்ப்பம் இதுதான். சந்திரனில் பந்து மிதந்து வரும், புதியவர்களுக்கு நிதானிக்க நேரம் கிடைக்கும். வியாழனிலோ பந்து கல்லைப் போல் விழும்.

இந்த ஹிகின்போதம், இரண்டாம் உலகப் போரில் லொஸ் அலமோஸில் அணுகுண்டுக்கான மின்னணுச் சுற்றுகளில் பணியாற்றியவர். போருக்குப் பின் அமெரிக்க விஞ்ஞானிகள் கூட்டமைப்பின் முதல் தலைவராகி அணு ஆயுதப் பரவலுக்கு எதிராகப் பேசியவர். தன் டென்னிஸ் ஆட்டத்துக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதில் காசு பார்க்கும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை எனலாம். சுவிட்ச் வெளிப்படையாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

காசு 1972இல் வந்தது. அட்டாரி நிறுவனத்துக்காக அலன் அல்கோர்ன் வடிவமைத்த 'பொங்' இயந்திரம் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்டது. அதில் ஒரு குறை இருந்தது. மின்சுற்றின் கோளாறு காரணமாக மட்டையைத் திரையின் உச்சி வரை கொண்டுபோக முடியாது. அல்கோர்ன் அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார். உச்சிவரை போக முடிந்தால் இரு நல்ல ஆட்டக்காரர்கள் முடிவில்லாமல் ஆடிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா? பந்து சில தடவை அங்குமிங்கும் போன பிறகு வேகம் கூடும்படியும் அவர் செய்திருந்தார். ஆட்டம் முடிந்தாக வேண்டும், அடுத்த நாணயம் விழ வேண்டும். இயந்திர விளையாட்டு நிலையங்கள் பெருகியபோது இது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. இயந்திரப் பெட்டியின் பூட்டிய கதவுக்குள்ளே, மின்சுற்றுப் பலகையில், சின்னஞ்சிறு சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றைத் தட்டி ஆட்டத்தை இலகுவாக்கலாம், கடினமாக்கலாம். சாவி கடைக்காரரிடம். காசு போடும் பையனுக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரியாது.

நமது திருகோணமலை முதலாளி இதையெல்லாம் படித்துவிட்டுக் கடை திறந்தவரல்லர். பின்னொரு நாள் பேச்சுவாக்கில் அவரிடமே இதைக் கேட்டேன். ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "வெண்டவன் எழும்பிப் போயிடுவான் தம்பி. தோத்தவன்தான் இன்னும் அரை மணித்தியாலம் கேப்பான்." அமெரிக்க இயந்திர வியாபாரிகள் கண்டறிந்த பொருளாதாரத்தை மத்திய வீதியில் நான்கு பழைய கணினிகளை வைத்துக்கொண்டு அவர் தானாகவே கண்டறிந்திருந்தார்.

கடைக்காரரின் பெட்டியிலிருந்து சுவிட்சை வெளியே எடுத்து ஆட்டக்காரர் கையில் கொடுத்தது 1977ஆம் ஆண்டு. அட்டாரியின் வீட்டு விளையாட்டுப் பெட்டி அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. மரநிற முகப்புக் கொண்ட அந்தப் பெட்டியின் முன்பக்கத்தில் ஆறு சுவிட்சுகள் இருந்தன. அவற்றில் இரண்டு கடினநிலைக்கு உரியவை: இடப்பக்க ஆட்டக்காரருக்கு ஒன்று, வலப்பக்கத்தவருக்கு ஒன்று. 'ஏ' தேர்ந்தவருக்கு, 'பி' புதியவருக்கு. அப்பா 'ஏ'யில் ஆடலாம், மகள் 'பி'யில் ஆடலாம், அதுவும் ஒரே ஆட்டத்தில், ஒரே திரையில். சில ஆட்டங்களில் 'ஏ' போட்டவரின் மட்டை சுருங்கும். யாருக்கு எந்தச் சலுகை என்பது இருவர் கண்ணுக்கும் தெரிந்தபடியே இருக்கும். டச்சு விரிகுடாக் கரையில் நாங்கள் வாயால் பேசி முடித்ததைப் பிளாஸ்டிக்கில் செய்து வைத்ததுபோல அது இருந்தது. 1980இல் வந்த திருத்திய பெட்டியில் இந்த இரண்டு சுவிட்சுகளையும் பின்பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்பது சிறு தகவல். எனக்கு அது சற்று உறுத்தலான தகவல்.

அதே 1980இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'கேம் அன்ட் வொட்ச்' என்ற சட்டைப்பை விளையாட்டை வெளியிட்டது. முதலாவது 'போல்'. 'கேம் ஏ' என்றால் இரண்டு பந்து, 'கேம் பி' என்றால் மூன்று பந்து. இந்த வகைச் சாதனங்கள்தாம் மத்திய கிழக்கில் வேலை செய்தவர்களின் பெட்டிகளில் நம் ஊர்களுக்கு வந்தன. பின்னர் 1990களில் செங்கல் அடுக்கும் சீன விளையாட்டுகள் மலிவாக வந்தன. அவற்றிலும் வேகத்துக்கு ஒரு பொத்தான், நிலைக்கு ஒரு பொத்தான். வடக்கிலிருந்த பிள்ளைகளுக்கு அதற்கும் வழியில்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரிகளும் இருந்தன.

கணினிகள் பெருத்து, ஆட்டங்களும் பெருத்தபோது கடினநிலைகளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் வந்தது. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் ஜோன் மடனின் பெயரில் வந்த விளையாட்டில் 'ரூக்கி' முதல் 'ஓல் மடன்' வரை நான்கு படிகள். ஃபிஃபா விளையாட்டில் 'பிகினர்', 'அமெச்சூர்', 'லெஜென்டரி' என்றெல்லாம் படிகள் நீண்டன. ஜப்பானியரின் 'புரோ எவலூஷன் சொக்கர்' நட்சத்திரங்களால் எண்ணியது. இந்தப் பெயர்களில் ஒரு தந்திரம் இருக்கிறது. 'பிகினர்' என்ற சொல்லைப் பக்கத்து இருக்கைப் பையன் பார்க்கத் தேர்ந்தெடுப்பதற்கு எந்தப் பையனுக்கும் மனம் வராது. பத்துக்குப் பூச்சியமாகத் தோற்றாலும் 'லெஜென்டரி'யில்தான் தோற்பான்.

மறைவான கடினநிலையின் கதையும் இதே காலத்தில் தொடங்குகிறது. 1993இல் வந்த 'என்பிஏ ஜாம்' கூடைப்பந்து இயந்திரத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் பக்கத்துக்கு இயந்திரமே சற்றுக் கைகொடுக்கும். ஆட்டம் கடைசி நொடி வரை சூடாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதை வடிவமைத்த மார்க் டர்மெல் டிட்ரொயிட் பிஸ்டன்ஸ் அணியின் இரசிகர். சிக்காகோ புல்ஸ் அணி, பிஸ்டன்ஸுக்கு எதிராகக் கடைசி நொடியில் எறியும் பந்து வளையத்துக்குள் விழாதபடி தான் நிரலில் எழுதி வைத்திருந்ததைப் பின்னாளில் அவரே வெளியிட்டார். வேடிக்கையான கதைதான். ஆனால் ஆண்டுக்கணக்காக நாணயம் போட்டு, சிக்காகோவுக்காக ஆடி, தன் கை சரியில்லை என்று நொந்துகொண்ட பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

இங்கு, நேர்மையான திரையிலும் ஆட்டம் குழம்பலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். மழை குறுக்கிட்டால் இலக்கை மாற்றியமைக்கும் டக்வர்த் லூயிஸ் முறை, நிஜக் கிரிக்கெட்டின் கடினநிலைச் சுவிட்ச் எனலாம். 2003 மார்ச் 3, டர்பன் மைதானம், உலகக் கிண்ணம். இலங்கை 268 ஓட்டங்கள் எடுத்திருந்தது. தென்னாபிரிக்காவின் ஆட்டத்தில் 45ஆவது ஓவர் நடந்துகொண்டிருக்க, மழை வலுத்தது. ஓய்வறையிலிருந்து மார்க் பௌச்சருக்குச் சொல்லப்பட்ட எண் 229. முரளிதரனின் ஐந்தாம் பந்தை ஆறு ஓட்டங்களுக்கு அடித்து அதை எட்டிய அவர், ஆறாம் பந்தைப் பத்திரமாகத் தடுத்து நிறுத்தினார். 229 என்பது சமநிலைக்கான எண். வெற்றிக்கு 230 வேண்டும். சொந்த மண்ணில் நடந்த உலகக் கிண்ணத்திலிருந்து தென்னாபிரிக்கா வெளியேறியது. ஆனாலும் எவரும் அன்று சதி என்று கூவ முடியவில்லை. எண்கள் தாளில் அச்சாகி இரு அணிகளின் கையிலும் இருந்தன. வாசிக்கத்தான் தவறிவிட்டார்கள்.

அந்த டர்பன் ஆட்டம் நடந்த நாள்களில் திருகோணமலையில் போர்நிறுத்தம் தொடங்கி ஓராண்டு கடந்திருந்தது. 2002 பெப்ரவரி 22 உடன்படிக்கைக்குப் பிறகு வீதிகள் திறந்தன, பொருள்கள் வந்தன, நகல் இறுவட்டுகளும் வந்தன. ஈஏ நிறுவனத்தின் 'கிரிக்கெட் 2002'உம் பின்னர் 2004, 2005ஆம் ஆண்டுப் பதிப்புகளும் அவ்வாறே நம் பையன்களிடம் சேர்ந்தன. அந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்கள் இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், லூனன்பேர்க் என்ற சிறிய துறைமுக ஊரில் இயங்கிய எச்பி ஸ்டூடியோஸ் நிறுவனம் அவற்றைச் செய்தது. 'புளூநோஸ்' பாய்க்கப்பல் 1921இல் கட்டப்பட்ட ஊர் அது. யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள ஊர். ஒரு துறைமுக ஊரில் எழுதப்பட்ட கிரிக்கெட்டை இன்னொரு துறைமுக ஊரில் ஆடியிருக்கிறார்கள். ரொரன்ரோ வாசகர் இதை அறிந்திருப்பாரோ என்னவோ.

அந்த விளையாட்டுகளில் பந்து எங்கே குத்தும் என்பதைத் தரையில் ஒரு குறி காட்டும். பொத்தானை அழுத்த வேண்டிய கணம் எவ்வளவு அகலமானது, எதிரணியின் துடுப்பாட்டக்காரர் எத்தனை தடவைக்கு ஒருமுறை தவறுவார் என்பவைதாம் கடினநிலையின் உள்ளுறுப்புகள். அவற்றைச் செம்மையாக அமைத்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். எந்த நிலையிலும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பும் வித்தைகளைப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைக்காரர் பூட்டி வைத்த ஆகக் கடினமான நிலையை அவர்கள் தாக்குப்பிடித்தது அந்த வித்தைகளால்தான்.

எனக்கு ஒரு இளைஞர் நினைவுக்கு வருகிறார். போர் அவருடைய வலக்கையின் மூன்று விரல்களை எடுத்திருந்தது. இடக்கையால் விசைப்பலகையின் ஒரு மூலையில் மட்டும் விளையாடுவார். அவர் வரும்போது முதலாளி தானே எழுந்து வந்து, கடவுச்சொல்லைத் தட்டி, நிலையைக் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். மற்றப் பையன்கள் எவரும் முறைப்பட்டதை நான் காணவில்லை. இதையும் எழுதாமல் அந்த மனிதரைப் பற்றிய கணக்கை மூடக் கூடாது.

2006 பிறந்தது. ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரின் கடற்கரையோரத்தில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்களைப் படம் பிடித்து உண்மையை வெளிக்கொண்டுவந்த எங்கள் தொழில் தோழர் சுகிர்தராஜன், அதே மாதம் 24ஆம் திகதி கொல்லப்பட்டார். ஏப்ரல் 12 அன்று சந்தையில் குண்டு வெடித்தது, தொடர்ந்து வன்முறை. அதன் பின் எந்தத் தாய்தான் பிள்ளையை மாலை வேளையில் மட்டையும் பந்துமாகக் கரைக்கு அனுப்புவாள்? மணலில் ஆடிய கிரிக்கெட் அறைக்குள் போனது. கடைகளும் இருட்டுவதற்கு முன்பே கதவை இழுத்தன. கணினி இருந்த வீடுகளில் பிள்ளைகள் கூடினார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் 'கிரிக்கெட் 07' வெளியானது. ஈஏ நிறுவனம் கணினிக்குச் செய்த கடைசிக் கிரிக்கெட் அதுதான். அவுஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்கு மட்டுமே உரிமம் பெற்றிருந்தார்கள். ஆகவே இலங்கை அணியில் முரளிதரன் முரளிதரனாக இல்லை. பெயர்கள் திரிக்கப்பட்டிருந்தன. உலகெங்குமிருந்த இரசிகர்கள் அதைத் திருத்தும் கோப்புகளைச் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டார்கள். சரியான பெயர், சரியான சீருடை, வீரர்களின் திறன் மதிப்பெண்கள் என்று எல்லாவற்றையும் மாற்றினார்கள். பழைய கணினியிலும் ஓடியதால் அந்த விளையாட்டு பத்தாண்டுக்கும் மேலாக உயிரோடு இருந்தது. நிறுவனம் பூட்டிவிட்டுப் போன பெட்டியைத் திறந்து சுவிட்சைத் தம் கையில் எடுத்துக்கொண்ட பையன்களின் கதை அது. கூட்டாகவும் ஊதியமின்றியும் செய்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நிறுவனங்கள் வேறு வழியில் போயின. 2016இல் ஈஏ நிறுவனம், ஆடுபவரின் போக்கைக் கவனித்து ஆட்டத்தின் கடினநிலையைத் தானாகவே மாற்றும் நுட்பமொன்றுக்குக் காப்புரிமை கோரியது. 2018இல் அது வழங்கப்பட்டது. ஆடுபவரை ஆட்டத்தை விட்டுப் போகாமல் வைத்திருப்பதுதான் அதன் நோக்கம். இதைப் படித்த ஃபிஃபா இரசிகர்களுக்கு, முதல் பாதியில் மூன்று கோல் அடித்த தம் அணி இரண்டாம் பாதியில் தடுமாறியது ஏனென்று புரிந்துவிட்டதாகத் தோன்றியது. 2020 நவம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றத்தில் மூவர் வழக்குத் தொடர்ந்தார்கள். அந்த நுட்பம் ஃபிஃபாவில் இல்லவே இல்லை என்றது நிறுவனம். தொழில்நுட்பத் தகவல்களைக் கொடுத்து, பொறியியலாளர்களுடன் பேசவும் இடமளித்தது. 2021 மார்ச்சில் வழக்குத் தொடுத்தவர்கள் அதை மீளப் பெற்றுக்கொண்டார்கள். நிறுவனம் உண்மையே சொன்னது என்று எடுத்துக்கொள்வதே முறை. ஆயினும் சந்தேகம் ஏன் எழுந்தது? வீரர்களின் அட்டைகளைக் காசுக்கு வாங்க வைக்கும் ஒரு விளையாட்டில், தோற்றவன்தான் மீண்டும் காசு போடுவான் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். மத்திய வீதி முதலாளிக்கே தெரிந்திருந்ததே. அவராவது கேட்டபோது முகத்துக்கு நேரே பதில் சொன்னார்.

எதிர்த் திசையிலும் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. மெல்பேர்னின் பிக் ஆன்ட் நிறுவனம் 2014இல் 'டொன் பிராட்மன் கிரிக்கெட்'டுடன் கணினிக் கிரிக்கெட்டை மீட்டெடுத்தது. அதன் பிந்திய ஆட்டங்களில் துடுப்பாட்டத்துக்கு ஒன்று, பந்துவீச்சுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கடினநிலையை வைத்துக்கொள்ளலாம். 2018இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட கட்டுப்பாட்டுப் பலகை, பெரிய பொத்தான்களும் வேண்டிய கருவிகளைச் செருகும் துளைகளும் கொண்டது. உடலியக்கத்தில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கென்றே செய்யப்பட்டது. மூன்று விரல் இழந்த அந்த இளைஞருக்கு அது பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் தாமதம்.

கணினிக் கடைகளின் காலம் முடிந்துவிட்டது. போர் 2009இல் முடிந்தது, கைபேசி வந்தது. உட்துறைமுக வீதியோரம் மாலையில் குந்தியிருக்கும் பையன்களின் கையில் இப்போது பெரும்பாலும் சென்னைக் கிரிக்கெட். நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா என்ற சென்னை நிறுவனம் செய்த 'வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' வரிசை அது. இறக்குவதற்குக் காசில்லை. கடவுச்சொல் கேட்க எந்த முதலாளியும் இல்லை. இலகுவா, நடுத்தரமா, கடினமா என்று திரையே கேட்கும். விரலால் தொட்டால் போதும். பிறகு விளம்பரம் ஓடும். அது முடியும்வரை காத்திருந்துவிட்டு, முதற் பந்தை எதிர்கொள்வார்கள்.